நாற்பது டின் மழைக்காலம்

கல்லறைக் கல் ஒன்றைப் பூமி விழுங்கியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தவள் நான். அந்த வாய்க்குள் போக இருந்த அறுபது பிள்ளைகளை, ஒன்றுக்கும் கீறல் படாமல், வெளியே கொண்டுவந்தவளும் நான்தான். அறுபது என்பது கொஞ்சம் ஊதிய கணக்கு, ஒப்புக்கொள்கிறேன். முப்பத்தொன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுங்கியது மட்டும் ஊதாத உண்மை.

ஆனால் இது நிம்ருடைய கதை. போன வருஷம் ஜனவரியில் செத்துப்போனான். இந்த அக்டோபரில் அவனுக்குக் கல் வைக்கிறோம். கல்லில் பெயரும் இரண்டு தேதியும் ஒரு சிலுவையும்தான் இருக்கும். மீதியை யாராவது எழுதி வைக்க வேண்டும். பங்குப் பள்ளியில் முப்பத்து நான்கு வருஷம் சுண்ணக்கட்டி பிடித்த கை என்பதால் என் தலையில் விழுந்தது. பக்கத்தில் அவன் மனைவி ஹில்வே முறத்தை மடியில் வைத்துப் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். முடித்ததும் படித்துக் காட்ட வேண்டுமாம்.

நிம்ர் என்றால் எங்கள் அரபுப் பேச்சில் புலி. ஏழு பெண்களுக்குப் பிறகு பிறந்தவனுக்கு அப்பன் ஆசை ஆசையாக வைத்த பெயர். கிர்பத் லோஸ் ஊரில் அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி அதற்கு முன்னும் பிறக்கவில்லை, பின்னும் பிறக்கவில்லை. இடி இடித்தால் கொட்டிலுக்குள் ஓடிக் கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொள்வான். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தபோது, கரும்பலகைப் பக்கம் போக வேண்டும் என்றால் ஜன்னல் வழியாகக் கோயில் மணிக்கூண்டைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டுதான் எழுந்திருப்பான். அப்படிப்பட்டவனுக்கு ஆண்டவர் கொடுத்த பிழைப்பு, லத்தீன் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் கல் நடுவது.

அதற்கு முன் அந்த வேலையைப் பார்த்தவர் அவனுடைய சித்தப்பா. அவர் கூரையிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்ட வாரம், எங்கள் பங்குச்சாமியார் அபூனா ரஃபாயேல் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவில், “இனிமே நிம்ர் பாத்துக்குவான்” என்று அறிவித்துவிட்டார். முடியாது என்று சொல்லவும் நிம்ருக்குப் பயம். ஒப்புக்கொண்டான்.

ஒவ்வொரு நாளும் தோட்டத்து இரும்புக் கதவைத் திறக்கும் முன் உள்ளே இருப்பவர்களுக்குக் குரல் கொடுப்பான்: “நான்தாங்க, நிம்ர். வேலையா வந்திருக்கேன். யாரும் தப்பா நெனைக்காதீங்க.” ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காத வீடு கிடையாது. “உள்ளேர்ந்து என்னடா பதில் வந்துச்சு?” என்று கேட்பார்கள். “இன்னும் வரல, கர்த்தருக்குத் தோத்திரம்” என்பான்.

கதவில் ஒரு தகரப் பலகை தொங்கியது. சொல் அபூனாவுடையது, எழுத்து என்னுடையது. கல் ஒரு மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. இருநூறு ஆடு வைத்திருந்தவனும் ஒரு குட்டி இல்லாதவனும் அங்கே ஒரே உயரம். சிலுவை இல்லாத கல் உள்ளே வராது. கல்லில் வெட்டப்போகும் வாசகத்தை என்னிடம் பிழை பார்த்து, பங்கு முத்திரை வாங்க வேண்டும். கல் தலைமாட்டில்தான் நிற்க வேண்டும். எங்களுக்குக் கால் கிழக்கே, தலை மேற்கே. உயிர்த்தெழும் நாளில் எழுந்து உட்கார்ந்தால் விடியல் முகத்தில் அடிக்க வேண்டும். சாமியார்களுக்கு மட்டும் தலைகீழ். அவர்கள் எழுந்ததும் எங்களைப் பார்த்துக் கணக்குக் கேட்க வேண்டுமே. எல்லாவற்றுக்கும் கீழே சிவப்பு மையில்: குழியின் மேல் ஒரு மழைக்காலம் முழுதாகக் கழியாமல் கல் வைக்கக் கூடாது. வைத்த கை இந்தத் தோட்டத்தில் இன்னொரு கல் வைக்காது.

மற்றவர்களுக்கு அது பலகை. நிம்ருக்கு அது செத்தவர்களோடு போட்டுக்கொண்ட ஒப்பந்தம். ஒரு விரல் பிசகினாலும் மண்ணுக்கு அடியிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டும் என்று நினைத்தான். ஒன்பது வருஷம் பிசகவில்லை. பத்தாவது வருஷம் பிசகினான். அது எண்பத்து மூன்று.

அந்த வருஷம் ஏப்ரலில், எங்கள் பக்கம் அக்டோபரில் தொடங்கும் மழைக்காலம் முடிந்த கையோடு, அபூ பஷீர் செத்தார். அவருடைய மகன் சிட்னியில் இருந்தான். அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொள்ளத் தாள்கள் எல்லாம் அனுப்பிவிட்டான். செப்டம்பர் கடைசி வியாழக்கிழமை விமானம். அந்த அம்மா, உம்மு பஷீர், நிம்ரின் வீட்டுக்கு வந்து, காப்பிக்குக் காத்திருக்காமலே பேச்சைத் தொடங்கினாள்.

“நிம்ரு, நான் இனி திரும்பி வரப்போறதில்ல. எழுபத்திரண்டு ஆச்சு. என்னைய அங்கயே எங்கயோ பொதச்சுருவாங்க. அவரு பேரு கல்லுல நிக்கிறத ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டுப் போயிடறேன்.”

“ஒரு மழைக்காலம் போகணுமே, பெரியம்மா. பலகையில இருக்கே.”

“பலகையில இருக்கறது எனக்கும் தெரியும். மழை எதுக்குடா கேக்குறாங்க? மண்ணு இறங்கறதுக்குத்தானே?”

“ஆமா.”

“தண்ணி வானத்துலேர்ந்து வந்துச்சா, தகரத்துலேர்ந்து வந்துச்சான்னு மண்ணுக்குத் தெரியுமா?”

நிம்ர் ஹில்வேயைப் பார்த்தான். ஹில்வே சொன்னாள்: “கெழவிக்கு மூளை இருக்கு. ஆனா உள்ள படுத்திருக்கறவருக்குச் சளி பிடிக்கும்.”

“நாப்பது வருசம் எங்கூட இருந்தாரு, ஒரு தும்மல் போடல. இப்பப் போட மாட்டாரு” என்றாள் உம்மு பஷீர்.

அபூனா அப்போது ஊரில் இல்லை. பித்தப்பையில் கல் என்று தலைநகர் அம்மானில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்குத்தான் வருவார் என்று செய்தி. கேட்க ஆள் இல்லை, தடுக்க ஆள் இல்லை. கிழவியின் கண்ணீர் மட்டும் இருந்தது. நிம்ருக்குப் பயம் எவ்வளவோ, இரக்கமும் அவ்வளவு. இரண்டும் ஒன்றாக வந்தால் அவன் தொலைந்தான்.

மூன்று நாள் பிற்பகலில் மூவரும் கழுதையில் தண்ணீர் ஏற்றினார்கள். பாலாடைக்கட்டி வரும் சதுரத் தகர டின்கள். பள்ளி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, போகும் வழியில், “என்ன ஊர்வலம்?” என்று கேட்டேன். “சைப்ரஸ் மரத்துக்குத் தண்ணி, டீச்சர்” என்றான். அந்த மரம் எங்கள் தாத்தா காலத்திலிருந்து யாரிடமும் தண்ணீர் கேட்டதில்லை. எனக்கு விஷயம் புரிந்தது. கல்லுக்கான வாசகத்தைப் பிழை பார்த்துக் கொடுத்ததே நான்தான். வேடிக்கையாக இருந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

நாற்பது டின். ஊற்ற ஊற்ற இறங்கியது. நாற்பதாவது டின்னுக்குப் பிறகும் ஓர் உள்ளங்கை அளவு தண்ணீர்கூட மேலே நிற்கவில்லை.

“எம்புட்டுத் தாகம் பாரு எம்புருசனுக்கு” என்று உம்மு பஷீர் பூரித்துப்போனாள்.

நிம்ர் டின்னைக் கீழே வைத்துவிட்டு ஓர் அடி பின்வாங்கினான். தாகம் என்றால் தண்ணீர் மெதுவாக இறங்கும். இது யாரோ கீழே பாத்திரம் பிடிப்பதுபோல் போயிற்று. தலைமாட்டில் அடித்தளத்துக்குக் குழி வெட்டியபோது கடப்பாரை மண்ணில் ‘சக்’ என்று இறங்கவில்லை, ‘டொம்’ என்றது. ஒரு தடவைதான். மறுபடி இடித்துப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. பாறையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காரையைக் கொட்டினான்.

நகரத்திலிருந்து லாரியில் கல் வந்தது. வந்த நான்கு ஆட்களுக்குப் பலகை தெரியாது. தூக்கி நிறுத்திவிட்டுப் போனார்கள். முந்நூறு கிலோ, வெள்ளைச் சுண்ணாம்புக்கல், மேலே சிலுவை. உம்மு பஷீர் ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவினாள். பிறகு குனிந்து கல்லுக்கு முத்தம் கொடுத்து, “உங்க தலை குளுந்து இருக்கட்டும், நான் வரேன்” என்றாள். வியாழக்கிழமை விமானம் ஏறினாள். அவள் போனதும் நிம்ர் ஒரு பெரிய இலை வளையத்தைப் பின்னிக் கல்லின் மேல் தொங்கவிட்டான். அபூனா கண்ணில் படக் கூடாத இறந்த தேதி அதற்குப் பின்னால் மறைந்தது. எந்தக் கல்லுக்கும் இல்லாத மரியாதை.

அக்டோபர் இருபத்தேழில் முதல் மழை. சாதாரண மழை இல்லை. பள்ளி முற்றத்தில் செருப்புகள் மிதந்தன. மறுநாள் விடிந்ததும் நிம்ர், கொத்தனார் சுவர் நேர் பார்க்கும் தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு போனான். நூலைப் பிடித்தான். கல் பின்பக்கமாக, மேற்கே, ஒரு கோதுமை மணி அளவுக்குச் சாய்ந்திருந்தது.

ஒரு கோதுமை மணி. கண்ணுக்குத் தெரியாது, நூலுக்குத் தெரியும். பின்பக்கம் சப்பைக் கல்லை ஆப்பாக வைத்து அடித்துவிட்டு வந்தான். அடுத்த நாளும் மழை. சாய்வு ஒரு மொச்சை. அதற்கடுத்த நாள் ஆப்புக் கல்லைத் தேடினான். காணவில்லை. அந்தச் சேற்றில் அவன் கால்தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை. கையை விட்டுத் துழாவினான். அரை முழம் போயும் விரலுக்குக் கல் தட்டவில்லை, அடி தட்டவில்லை. விரல் நுனியில் குளிர்ந்த காற்று பட்டது.

மண்ணுக்குள்ளிருந்து காற்று வரக் கூடாது. குழி வெட்டிப் பழகியவனுக்கு அதைவிடப் பயங்கரம் வேறு இல்லை. கையைப் பிடுங்கிக்கொண்டு வீடு வந்தவன் அன்று முழுக்க அந்தக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தானாம். ஹில்வேதான் பின்னால் சொன்னாள்.

“அபூனா சாயங்காலம் வராரு. போய்ச் சொல்லிரு” என்றாள்.

“சொன்னா என் கை போச்சு. பலகையில சிவப்புல எழுதியிருக்கு.”

“கை போனா ஆடு மேய்ப்போம்.”

“எனக்கு ஆட்டைக் கண்டாலும் பயம், ஹில்வே.” அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. “திருநாள் முடியட்டும். மூணாந்தேதி நாலு ஆளக் கூட்டி எறக்கி வச்சுடறேன். திருநாள் ஒரு நாள்தானே? நான் பாத்துக்கறேன்.”

“அந்தக் கல்லுக்குப் பின்னாடிதான பிள்ளைங்க நின்னு பாடும்?”

நிம்ர் மறுபடியும் கையைக் கழுவப் போனான்.

பிள்ளைகள் அங்கேதான் நிற்பார்கள். புதிய வரிசையின் ஓரம், பாதை அகலமாக இருக்கும் ஒரே இடம். அபூனா ஒவ்வொரு குழியாகத் தீர்த்தம் தெளித்து முடிக்கும் வரை பாட வேண்டும். முக்கால் மணி நேரம். பதினொரு வருஷமாக என் வகுப்பு நிற்கும் இடம்.

நவம்பர் ஒன்றாம் தேதி நிம்ர் என்னைத் தேடிப் பள்ளிக்கு வந்தான். மற்ற ஆசிரியைகளும் இருந்தார்கள்.

“டீச்சர், நாளைக்குப் பிள்ளைங்களக் கதவுகிட்ட நிறுத்துவீங்களா?”

“ஏன்?”

“அங்க சேறு.”

“புலிக்குச் சேறு பயமா?” என்றேன். அறை முழுக்கச் சிரித்தது. எனக்கு அது போதாது. “தோட்டம் பூராவும் சேறுதான்டா. கதவுகிட்ட நின்னா பாட்டு ரோட்டுல போற கழுதைக்குத்தான் கேக்கும். உள்ள இருக்கறவங்களுக்குக் கேக்க வேண்டாமா?”

திரும்பிப் போய்விட்டான். அவன் முகம் காரை பூசிய சுவர்போல் வெளுத்திருந்ததைப் பார்த்தேன். பார்த்துத்தான் சிரித்தேன்.

மறுநாள் விடியும் முன்பே போயிருக்கிறான். குண்டு நூலில் சாய்வு, ஓட்டோடு ஒரு முழு பாதாம் கொட்டை.

பூசை முடிந்து பத்து மணிவாக்கில் ஊரே தோட்டத்துக்குள் வந்தது. மழை விட்டிருந்தது, வானம் மட்டும் ஈயம்போல் தொங்கியது. மணல் நிரப்பிய டப்பாக்களில் மெழுகுவர்த்திகள், ஒலிவக் கிளைகள், செவ்வந்தி. கதவருகே ஹில்வே பெரிய கூடையோடு நின்றாள்; இறந்தவர்களின் ஆத்துமத்துக்காகக் கொடுக்கும் ரஹ்மே ரொட்டி. கடைசிச் செபம் முடியாமல் அதைத் தொடக் கூடாது. முன்னால் கை நீட்டும் பிள்ளைகளின் விரலில் அடித்து விரட்டுவது ஒவ்வொரு வருஷமும் அவள் பொறுப்பு.

நிம்ர் அபூ பஷீரின் கல்லுக்குப் பின்னால் நின்றிருந்தான். முதுகைக் கல்லில் கொடுத்து, இரண்டு குதிகாலையும் சேற்றில் ஊன்றி. பெரியவர்கள் எல்லாம் குழிகளைச் சுற்றி மண்டி போட்டிருக்க, இவன் மட்டும் சந்தையில் சாய்ந்து நிற்கிறவனைப்போல்.

“என்ன புலி, நீ கல்லத் தாங்குறியா, கல்லு உன்னத் தாங்குதா?” என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார்.

அபூனா, வயிற்றுத் தையலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தவர், முறைத்தார். “நேரா நில்லு. செத்தவங்களுக்கு முன்னாடி என்ன சாய்வு?”

“கால் மரத்துப்போச்சு, அபூனா. மன்னிக்கணும்.”

அவர் அடுத்த வரிசைக்குப் போனார். நான் பிள்ளைகளை நிறுத்தினேன். நிம்ருக்கு முன்னால், இரண்டு எட்டுத் தூரத்தில், மூன்று வரிசை. பாட்டு தொடங்கியது. அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. “பின்னாடி போங்க, பின்னாடி போங்க” என்று முணுமுணுத்திருக்கிறான். முன்வரிசைப் பெண்பிள்ளைகள் அவனைப் பார்த்துக் கிளுக்கென்று சிரித்தார்கள்.

அப்போது ஒரு சிறுமியின் கையிலிருந்து மெழுகுவர்த்தி நழுவியது. உருண்டு போய்ப் புல்லுக்கு நடுவே நின்றது. எடுக்கக் குனிந்தேன். அங்கே விரல் அகலத்துக்கு ஒரு வெடிப்பு இருந்தது. பிள்ளைகளை நிறுத்தியபோது இல்லை. என் கை எட்டும் முன் மெழுகுவர்த்தி அதற்குள் நழுவிப் போயிற்று. விழும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் நேரத்துக்குப் பிறகு, வெகு கீழே, தண்ணீரில் ‘தொபுக்’ என்று கேட்டது.

நான் நிமிர்ந்தேன். முதன்முறையாக நிம்ரின் காலைப் பார்த்தேன். குதிகால்கள் சேற்றில் இரண்டு ஏர்த்தடம் போட்டிருந்தன. அவன் நிற்கவில்லை, அங்குலம் அங்குலமாகத் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தான். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது.

“டீச்சர்,” என்றான், உதடு அசையாமல். “கத்தாதீங்க. கீழ ஒண்ணுமே இல்ல. பிள்ளைங்க ஓடினா, குதிச்சா, அதோட சரி. நடக்கணும். மெல்ல. பாடிக்கிட்டே போகணும்.”

“நீ?”

“நான் நகந்தா கல்லு வரும். நீங்க போங்க.”

காலடியில் இருப்பது பூமி இல்லை, வெறும் தோல் என்று தெரிந்த பிறகு ஒரு மனுஷி எப்படி மூச்சு விடுவாள்? என் காலணிக்கு அடியில் ஏதோ மெல்லப் பிய்ந்தது, ஈரத் துணி கிழிவதுபோல். பிள்ளைகள் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

நான் என்ன செய்தேன் என்றால், துளி பதறாமல், கோழி தன் குஞ்சுகளைக் கூட்டிப் போவதுபோல, பாட்டு ஓர் அடி பிசகாமல், முப்பத்தொன்பதையும் கதவுப் பக்கம் நடத்திக்கொண்டு போய்ச் சேர்த்தேன்.

கடைசிப் பிள்ளை பாதையைத் தாண்டியதும் நிம்ர் விலகிப் புரண்டான். பூமி ஏப்பம் விட்டது. அதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகள் நின்ற இடம் அப்படியே ஒரு தட்டுப்போல் கீழே போனது. கல் நின்றபடி ஒரு நொடி யோசித்தது. பிறகு பின்னால் மல்லாந்து, சிலுவை முதலில், தலைகீழாக உள்ளே போயிற்று. கீழே தண்ணீர் அறைந்த சத்தம் தோட்டத்தின் எல்லாக் கல்லிலும் மோதித் திரும்பியது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அபூ பஷீர் மட்டும் தன் குழியில், அசையாமல், கல் இல்லாமல் படுத்திருந்தார்.

கிர்பத் என்றால் இடிபாடு. எங்கள் ஊரில் எந்த வீட்டைத் தோண்டினாலும் அதற்கு அடியில் இன்னொரு வீடு இருக்கும். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன் இருந்தவர்கள் பாறையைக் குடைந்து வெட்டிய மழைநீர்த் தொட்டி அது. வாயை யாரோ எப்போதோ கல்லும் மண்ணும் போட்டு மூடி, மறந்து போயிருந்தார்கள். ஒரு மழைக்காலம் காத்திருந்தால் அது தானாகவே குழிந்து காட்டிக்கொடுத்திருக்கும். மேலே முந்நூறு கிலோவும் நாற்பது டின் தண்ணீரும் வைத்தால் சொல்லாமல்தான் கொல்லும்.

நிம்ர் அபூனாவுக்கு முன்னால் மண்டியிட்டான். ஊரே கேட்க எல்லாவற்றையும் சொன்னான்: கிழவி, கழுதை, டின், குண்டு நூல், இலை வளையம். சொல்லி முடித்து இரண்டு கையையும் நீட்டினான், பிரம்படிக்கு நீட்டும் பிள்ளைபோல.

அபூனா ஒரு கூழாங்கல்லை எடுத்துக் குழிக்குள் போட்டார். ‘தொபுக்’ என்று வரும் வரை காத்திருந்தார்.

“பலகையில செவப்புல என்ன எழுதியிருக்கு?”

“வச்ச கை இன்னொரு கல்லு வைக்காது, அபூனா.”

“தெரிஞ்சே வச்ச.”

“தெரிஞ்சேதான்.”

கூடையை இடுப்பில் தாங்கிக்கொண்டு ஹில்வே கூட்டத்தைப் பிளந்து வந்தாள். “அபூனா, பயப்படாத ஒருத்தனா இருந்தா தெனம் விடிஞ்சதும் வந்து நூல் பிடிச்சிருப்பானா? வச்சமா போனமான்னு வீட்டுல தூங்கியிருப்பான். தைரியசாலி ஒருத்தனப் பாத்து வேலைக்கு வையுங்க. அடுத்த தடவ யாரு முதுகு குடுக்கறான்னு பாப்போம்.”

யாரும் சிரிக்கவில்லை. அபூனா குழியை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு நிம்ரிடம், “பொதச்ச குழி மாதிரி நீயும் ஒரு மழைக்காலம் சும்மா கெட. மண்ணு எறங்கட்டும். அப்புறம் வா” என்றார். என் பக்கம் திரும்பி, “டீச்சர், பலகையில ஒரு வரி சேக்கணும்” என்றார். சேர்த்தேன். இன்றும் இருக்கிறது: மழைக்காலம் என்பது வானத்திலிருந்து வருவது.

அந்தக் கல்லைக் கிரேன் வைத்து மேலே எடுத்து, தொட்டியை நிரப்பி, அடுத்த வருஷம் மறுபடியும் நட்டவன் நிம்ர்தான். சிட்னிக்கு யாரும் இதைப் பற்றி எழுதவில்லை. ஊர் முழுக்க ஒரு விஷயத்தை மூடி வைத்தது அந்த ஒரு தடவைதான்.

அதன் பிறகு அவன் பயம் குறையவில்லை, கூடிற்று. எந்தக் குழிக்கும் கடப்பாரையால் ஒன்பது இடத்தில் தட்டிப் பார்ப்பான். தான் நட்ட கல்லுக்குப் பின்னால் யார் நின்றாலும் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுப்பான், பிஷப்பாக இருந்தாலும் சரி. கதவில் குரல் கொடுப்பதையும் விடவில்லை. கடைசி நோயில் அவன் கேட்டது ஒன்றுதான்: “எனக்கு அவசரப்பட்டுக் கல்லு வைக்காதீங்க. கீழ என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?” ஜனவரி மழைக்காலத்தின் பாதியில் போனான். பாதி கணக்கில் சேராது என்று ஹில்வே இன்னொரு முழு மழைக்காலம் காத்திருக்கச் சொல்லிவிட்டாள். அதுவும் போயிற்று. மண் நன்றாக இறங்கியிருக்கிறது. நானும் போய்த் தட்டிப் பார்த்தேன்.

இவ்வளவையும் ஹில்வேக்குப் படித்துக் காட்டினேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

“எல்லாம் சரி டீச்சர். முப்பத்தொம்பது இல்ல, இருபத்தாறு. எனக்கு எப்பிடித் தெரியும்னா, கூடையில இருபத்தாறு ரொட்டி கொறஞ்சுது. பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போனது நீங்க இல்ல. கதவுலேர்ந்து அவரு மூஞ்சியப் பாத்துட்டு, செபம் முடியறதுக்கு முன்னாடியே ‘ஒவ்வொருத்தரா நடந்து வந்தாத்தான் ரொட்டி, ஓடினா கெடையாது’ன்னு நான் கூடையத் தூக்கிக் காட்டினேன். அதுக்குத்தான் வந்துச்சுங்க. நீங்க எடத்த விட்டு அசையல. பயத்துல உங்களுக்குக் காலு வரல, அவரு சொன்னாரு. அப்பிடியே திரும்பி, அவரு பக்கத்துல உங்க முதுகையும் கல்லுல குடுத்து நின்னீங்க. கடைசிப் பிள்ளை வர்ற வரைக்கும் ரெண்டு முதுகு. ஒண்ணு மட்டும் இருந்தா தாங்கியிருக்காதுன்னு சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு. அவரும் தானாப் பொரளல. அப்புறம் ஓரமா வந்து, உங்க ரெண்டு பேரையும் சட்டையப் பிடிச்சு வெளிய இழுத்தது நானு. உங்க கழுத்துப் பட்டன் என் கையோட வந்துருச்சு. தையல் பெட்டியில கெடக்கு, வேணும்னா எடுத்துட்டு வரேன்.”